கிரேடு குறைந்தால் யார் கட்டுவது? பழைய போன் நிறுவனங்களின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

ஆன்லைனில் பழைய செல்போன்களை வாங்கி, சரிபார்த்து, மறுபடி விற்கும் நிறுவனங்களின் தரைமட்டத்து வேலைக்காரர்கள் சார்பாக இதை எழுதுகிறோம். வீட்டு வாசலில் போன் வாங்குபவர்கள், கிடங்கில் ஸ்கேன் செய்பவர்கள், க்யூசி (தரச் சோதனை) மேசையில் நிற்பவர்கள், ரிப்பேர் பெஞ்சில் உட்காருபவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. டி-ஷர்ட்டின் நிறம்தான் வேறு வேறு.

வேலைச் சூழல் என்று மனிதவளத் துறை பேச ஆரம்பித்தால் கேரம் போர்டும் பிறந்தநாள் கேக்கும் வந்துவிடுகின்றன. கேக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரைமட்டத்தில் சூழல் என்பது ஒரே ஒரு கேள்வி: வாங்கிய போனில் நஷ்டம் வந்தால் அது யார் கணக்கில் எழுதப்படுகிறது? டீம் லீடர் ஏன் கத்துகிறார், பக்கத்து மேசைக்காரர் ஏன் பொய் டிக் போடுகிறார், சேர்ந்த பையன் ஏன் மூன்றே மாதத்தில் நிற்கிறான் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் பழைய போன் வாங்குவதைப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். சிம் ட்ரேயை உருவி உள்ளே டார்ச் அடிப்பார். ஓரத்தை நகத்தால் தடவி, டிஸ்ப்ளே தூக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். சந்தேகம் வந்தால் 500 ரூபாய் குறைப்பார். மனசுக்குப் படவில்லை என்றால் "வேணாம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். விலை சொல்வதும் அவர், ஏமாந்தால் போவதும் அவர் காசு. உங்களிடம் விலை சொல்வது ஆப். பிக்கப் ஊழியர் செய்வது "ஆம்", "இல்லை" தட்டுவது மட்டும். வேண்டாம் என்று சொன்னால் அவருடைய கன்வெர்ஷன் சதவீதம், அதாவது போன பிக்கப்புகளில் எத்தனை வாங்கலாக முடிந்தது என்ற கணக்கு, விழும். இரண்டு நாள் விழுந்தால் பெயர் வாட்ஸ்அப் குழுவில் சிவப்பில் வரும். ஆக, விலை சொல்ல அதிகாரம் இல்லை, மறுக்க அதிகாரம் இல்லை. நஷ்டம் வரும்போது மட்டும் அவர் கடைக்காரர் ஆகிவிடுகிறார்.

இதை உள்ளே "மிஸ்மேட்ச் டெபிட்" என்கிறோம். கிரேடு என்பது போனின் நிலைக்கு ஏ, பி என்று போடும் தரம். வாசலில் ஒரு கிரேடு, கிடங்கில் வேறு கிரேடு. நடுவில் உள்ள விலை வித்தியாசம் சம்பளத்திலோ இன்சென்டிவிலோ கழிகிறது. இந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒருமுறை நிதானமாகக் கேட்க வேண்டும்.

மாலை 7 மணி. அடுக்குமாடி வராந்தா, ஒரு மஞ்சள் பல்பு, கதவைப் பாதி திறந்து நிற்கும் வாடிக்கையாளர். அடுத்த பிக்கப்புக்கு ஆப்பில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வெளிச்சத்தில் அமோலெட் வகைத் திரையில் பதிந்துபோன கீபோர்டு நிழல் தெரியாது. அதற்கு முழுத் திரையையும் வெள்ளையாகவும் சாம்பலாகவும் மாற்றி, பிரைட்னஸைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். வெள்ளை, சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறம், நிறத்துக்கு 5 வினாடி. டச் பார்க்க ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, வீடு பெருக்குவது போலத் திரை முழுக்க மேலும் கீழும் இழுக்க வேண்டும். ஐகான் கையை விட்டு நழுவும் இடத்தில் டச் செத்திருக்கிறது. சாம்சங் என்றால் பெரும்பாலான மாடல்களில் *#0*# போட்டால் சோதனைத் திரை வந்துவிடும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட். ஐஓஎஸ் 15.2-க்குப் பிறகு, புது மாடல்களில் மாற்றிய பேட்டரியும் டிஸ்ப்ளேயும் அங்கே காட்டிக் கொடுக்கும். ட்ரூ டோன் (அறை வெளிச்சத்துக்கேற்பத் திரை நிறத்தை மாற்றும் வசதி) பொத்தானே காணவில்லை என்றால் டூப்ளிகேட் டிஸ்ப்ளே என்ற சந்தேகம் எழ வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் ஒரு போனுக்குக் கால் மணி நேரம் தாராளமாக ஆகும். முதல் 10 நிமிடம் "ஆப்ல 8,200 காட்டுச்சே, நீங்க ஏன் 5,600 சொல்றீங்க" என்ற சண்டையிலேயே போய்விடுகிறது. அந்த விலையை வைத்தது பிக்கப் ஊழியர் அல்ல. திட்டும் ஒற்றை ஸ்டார் ரேட்டிங்கும் மட்டும் அவருக்கு.

இத்தனையும் செய்த பிறகும் வாசலில் தெரியவே தெரியாத கோளாறுகள் உண்டு. போர்டில் சால்டர் (பற்றவைப்பு) விரிசல் இருந்தால் போன் குளிர்ந்திருக்கும்போது வைஃபை ஒழுங்காக இருக்கும், 20 நிமிடம் சூடான பிறகுதான் கழன்றுகொள்ளும். தண்ணீர் புகுந்த தடம் பின்பக்கத்தைத் திறந்தால்தான் தெரியும். திரையில் பச்சைக் கோடு இன்று இருக்காது, நாளை வந்து நிற்கும். அப்புறம் பயணம். ஒரு பையில் 20 போன், ஒன்றன் மேல் ஒன்று, பபிள் கவர் பாதிக்குத்தான், வண்டியின் முன்பக்கத்தில் மே மாத வெயிலில். கிடங்குக்குப் போனபோது மூலையில் ஒரு கீறல். வாசலில் இருந்ததா, பையில் வந்ததா, கிடங்கு ட்ரேயில் விழுந்ததா? யாருக்கும் தெரியாது. ஆனால் டெபிட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். முதலில் கையெழுத்துப் போட்டவர் பெயர் சுலபமாகக் கிடைக்கிறது.

இதற்குத் தீர்வு பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் முன்னாலேயே 40 வினாடி வீடியோ: திரை வெள்ளையில், பின்பக்கம், நான்கு ஓரம், *#06# போட்டு ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்), கடைசியில் எண் அச்சிட்ட கவரில் போட்டு ஒட்டுவது வரை, நடுவில் வெட்டில்லாமல். கிடங்கில் அந்தக் கவரைப் பிரிப்பது கேமராவுக்கு நேராக. இந்த இரண்டு வீடியோவும் பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. மிஸ்மேட்ச் என்று ஒரே பெட்டியில் போடாமல் வாசலில் தெரிந்திருக்க வேண்டியது, வாசலில் தெரிய வழியில்லாதது, வழியில் நேர்ந்தது என்று பிரியுங்கள். முதல் வகைக்கு மட்டும் ஊழியரிடம் விளக்கம் கேளுங்கள். மற்ற இரண்டும் தொழிலின் செலவு. நீங்கள் சொல்லும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் லாபம் வைப்பதே இந்த மாதிரி இழப்புக்கும் சேர்த்துத்தானே.

சட்டத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இது தயவு கேட்கிற விஷயம் இல்லை. முதலாளியின் பொருளுக்குச் சேதம் என்று சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அது அந்த ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ வந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஆன சேதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. அபராதம் என்று போட்டால் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அது 540 ரூபாய். அந்தப் பணத்தைப் பதிவேட்டில் எழுதி ஊழியர் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். ஒரு போனுக்கு 2,600 ரூபாய் பிடித்துவிட்டு, சம்பளச் சீட்டில் "இதர கழிவு" என்று ஒரு வரி போடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? ஐஎம்இஐயின் கடைசி நாலு எண்ணாவது அந்த வரியில் இருக்க வேண்டாமா?

இனி க்யூசி மேசை. 9 மணி நேர ஷிஃப்ட். சாப்பாட்டுக்கு 30 நிமிடம், டீக்கு இரண்டு முறை 15 நிமிடம் போனால் மிச்சம் 480 நிமிடம். இலக்கு 100 போன் என்று வைத்தால் ஒரு போனுக்கு 4 நிமிடம் 48 வினாடி. அதற்குள் கவரைப் பிரித்து, ஸ்கேன் செய்து, போனை ஆன் செய்து, இரண்டு சிம் ஸ்லாட், மைக், இரண்டு ஸ்பீக்கர், முன் கேமரா, பின் கேமராக்கள், ஃபிளாஷ், கைரேகை, வைப்ரேஷன், வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ், காதருகே வைத்தால் திரை அணைகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டு ஆன் ஆகவே சில சமயம் ஒரு நிமிடம் எடுக்கும். சார்ஜ் நிலையாக ஏறுகிறதா என்று தெரிய இன்னும் இரண்டு, மூன்று நிமிடம். மிச்சம் என்ன இருக்கிறது? டிக் போடுவதுதான். எதற்கு முதலில் டிக் விழும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்: ஜிபிஎஸ், வைப்ரேஷன், இரண்டாவது மைக். வாங்கியவரிடமிருந்து திரும்பி வரும் புகாரும் இவற்றில்தான் கூடுதலாக இருக்கும், வேண்டுமானால் உங்கள் ரிட்டர்ன் பட்டியலையே பாருங்கள்.

100 முடியாத எண் என்றும் சொல்லவில்லை. மேசைக்கு ஐந்து சார்ஜ் ஸ்டாண்டு கொடுத்து, போன்களை 10 நிமிடம் முன்பே செருகி ஆன் செய்து வைத்தால், காத்திருக்கும் நேரம் மொத்தமும் மிச்சமாகும். சில கிடங்குகளில் க்யூசிக்காரர்களே வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்து இப்படிச் செய்தார்கள். பாதுகாப்பு விதி மீறல் என்று அதைப் பிடுங்கியாயிற்று. விதி சரிதான். அதற்குப் பதிலாக ஸ்டாண்டு வந்திருக்க வேண்டும், வந்தது மெமோ.

இதைவிடக் கெட்டது மாதக் கடைசி. ஏ கிரேடுக்கு ஆர்டர் குவிந்திருக்கும், கையிருப்பில் பி கிரேடுதான் இருக்கும். "கொஞ்சம் லிபரலா பாருங்க" என்று வாய்வழியாக ஒரு சொல் வரும். எழுத்தில் வராது, மெயிலில் வராது. மாற்றுவது க்யூசிக்காரரின் லாகின். இரண்டு வாரம் கழித்து வாங்கியவர் ஃபிரேமில் டென்ட் (நசுங்கல்) இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினால், சிஸ்டம் காட்டுவது அவர் ஊழியர் எண்ணை. லிபரலாகப் பார்க்கச் சொன்னவர் அதை விசாரிக்கும் கூட்டத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து "இது எப்படி ஏ ஆச்சு?" என்று கேட்பார். கிரேடை மேலே ஏற்ற வேண்டுமானால் லீடர் தன் லாகினில், காரணம் எழுதி ஏற்றட்டும். மென்பொருளில் ஒரு பொத்தானை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுகிற வேலைதான் இது. ஏற்றுகிற போன்களின் எண்ணிக்கை அந்த மாதமே பாதியாகும் என்று பந்தயம் கட்டலாம்.

வாயிற்காப்புச் சோதனையைப் பற்றிப் பலர் வெட்கத்தில் பேசுவதில்லை. போன் சின்ன பொருள், விலை கூடியது, திருட்டு நடக்கும். சோதனை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஷிஃப்ட் முடிந்து பஞ்ச் போட்ட பிறகுதான் வரிசை தொடங்குகிறது. 200 பேருக்கு ஒரு டிடெக்டர். 20 நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது என்று வைத்தால் 26 நாளுக்கு 520 நிமிடம், அதாவது 8 மணி 40 நிமிடம். மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு முழு ஷிஃப்ட் இலவசம். பஞ்ச் மெஷினைச் சோதனைக்கு அப்பால் தள்ளி வைத்தால் போதும், இரண்டாவது டிடெக்டர் தானாக வந்துவிடும். பெண்களைப் பெண் காவலர், திரை மறைப்புக்குள், கருவியால் மட்டும் சோதிக்க வேண்டும். பையில் இருக்கும் நாப்கின் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டச் சொல்வது சோதனை இல்லை, அவமானம். சொந்தப் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகிறவர்களுக்கு, குழந்தையின் பள்ளியிலிருந்து அழைத்தால் எடுக்க தளத்தில் ஒரு லேண்ட்லைன் வேண்டும். அந்த எண் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நாற்காலி விஷயமும் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ பிரிவு சேர்ந்தது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது. ஜவுளிக்கடைப் பெண்கள் கேட்டு வந்த உரிமை அது. கிரேடிங் மேசைகள் நின்று வேலை செய்யும் உயரத்தில் போடப்பட்டிருக்கின்றன. உயரமான ஸ்டூல் போட்டாலும் வேலை நடக்கும். "உட்கார்ந்தால் வேகம் குறையும்" என்பவர்கள், காலையில் முதல் இரண்டு மணி நேரத்தில் பார்த்த போன்களையும் கடைசி இரண்டு மணி நேரத்தில் பார்த்த போன்களையும் எண்ணிப் பார்க்கட்டும்.

10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம்: தலைமையில் ஒரு பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். தலைமை அலுவலகத்தில் குழு இருக்கிறது என்பது கிடங்குக்கான பதில் ஆகாது. கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களும் அங்கே புகார் தரலாம், வாடிக்கையாளர் வீடும் பணியிடம்தான். குழு உறுப்பினர்களின் பெயர் சுவரில் தமிழில் ஒட்டியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

ரிப்பேர் பெஞ்சில் இலக்கு நெருக்கும்போது முதலில் விட்டுப்போவது பாதுகாப்புதான். போனைத் திறக்கும் முன் சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும், நிறைந்த பேட்டரியில் குத்துப்பட்டால் தீ பெரிதாகும். அதற்கு நேரமில்லை என்று 80 சதவீதத்திலேயே ஹீட் பிளேட்டில் வைக்கிறார்கள். உப்பிப்போன பேட்டரியை இரும்பு நெம்பியால் கிளப்பக் கூடாது. ஓரத்தில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, பசை இளகும்வரை பொறுத்து, பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல அறுக்க வேண்டும். அந்த ஆல்கஹாலின் ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கக் கூடியது. சென்னையில் 12 டிகிரி ஏது? அதை மூடியில்லாத டப்பாவில் ஊற்றி ஹீட் கன்னுக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கமாகிவிட்டது, ஏனென்றால் மூடியைத் திறந்து மூடுவதும் நேரம்தான். ஒவ்வொரு பெஞ்சுக்கும் மூடியுள்ள பம்ப் பாட்டில், கை எட்டும் தூரத்தில் ஒரு வாளி மணல், கழற்றிய பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்டிப் போட ஒரு இரும்புப் பெட்டி, சால்டர் புகையை இழுக்கும் ஃபேன். எல்லாம் சேர்த்து ஒரு நடுத்தரப் பழைய போனின் விலைகூட வராது. உப்பிய பேட்டரி வந்த போனை அன்றைய இலக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அப்போதுதான் ஒருவர் பொறுமையாக அதைத் தொடுவார்.

திருட்டுப் போன். திருடுபோன போன்களை முடக்கும் மத்திய அரசின் சிஇஐஆர் பதிவேடு 2023 மே மாதம் முதல் நாடு முழுக்க இருக்கிறது. கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்க ஐஎம்இஐயைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் அந்தப் போன் முடக்கப்பட்டதா என்று தெரியும். ஆனால் திருடுபோன அன்றே எல்லோரும் முடக்கிவிடுவதில்லை; புகார் கொடுத்துப் பதிவேட்டில் எண் ஏற நாள் ஆகலாம். இன்று சுத்தமாகக் காட்டும் போன் அடுத்த வாரம் கறுப்புப் பட்டியலில் வரலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவுப்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்கினாலோ வைத்திருந்தாலோதான் குற்றம். ஆகவே வாங்கிய நேரத்தில் சோதித்த ஸ்கிரீன்ஷாட்டும் விற்றவரின் அடையாளச் சான்றும்தான் பிக்கப் ஊழியருக்குக் கவசம். அவை உங்கள் சர்வரில் இருக்கின்றன. வேலையை விட்டு நின்ற மறுநாள் அவருடைய லாகின் மூடப்படுகிறது. ஆறு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிடும்போது கையில் என்ன இருக்கும்? நின்றவருக்கும் அந்தப் பதிவின் நகல் கிடைக்க வேண்டும். வேலையில் இருப்பவர் ஸ்டேஷனுக்குப் போனால் கூட நிறுவனத்தின் வக்கீல் போக வேண்டும், அந்த நாள் லீவாகக் கழியக் கூடாது.

வாடிக்கையாளரின் தகவல் பற்றியும் ஒரு வார்த்தை. ரீசெட் வாசலிலேயே, அவர் கண் முன்னால் நடக்க வேண்டும்: முதலில் கூகுள் அல்லது ஐக்ளவுட் கணக்கிலிருந்து வெளியேறுவது, பிறகு முழு ரீசெட், பிறகு வரவேற்புத் திரை வருகிறதா என்று பார்ப்பது. அவசரத்தில் "கிடங்கில் அழித்துவிடுவோம்" என்று எடுத்து வந்தால் இரண்டு நாள் அந்த வீட்டுப் படங்கள் பையில் பயணம் செய்கின்றன. பெஞ்சில் யாராவது கேலரியைத் திறந்தார் என்று ஒருவரை மட்டும் வேலையை விட்டு அனுப்புவதோடு அது தீராது. அழிக்காத போன் பெஞ்சுக்கு வந்ததே எப்படி என்று கேளுங்கள்.

பிக்கப் ஊழியர்களில் பலர் உங்கள் சம்பளப் பட்டியலிலேயே இல்லை, வேறொரு ஏஜென்சியின் பட்டியலில் இருக்கிறார்கள். சிலரைப் "பார்ட்னர்" என்று அழைக்கிறீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஊழியருக்கு இஎஸ்ஐ (ஊழியர் அரசுக் காப்பீடு) உண்டு: ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நாள் முழுக்க வண்டியில் சுற்றுகிறவருக்கு விபத்து நடந்தால் இந்த அட்டைதான் துணை. பார்ட்னருக்கு அது கிடையாது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 45 கிலோமீட்டர் தரும் என்று கணக்கு வைத்தாலே கிலோமீட்டருக்கு 2.22 ரூபாய் ஆகிறது; டயர், ஆயில், செயின் தனி. பெட்ரோல் பணத்துக்கு ஆப் அளப்பது வரைபடத்தின் நேர்வழித் தூரத்தை. ஒருவழிப் பாதையும் மெட்ரோ தோண்டிய சுற்றுவழியும் வண்டிக்குத்தான் தெரியும்.

கடைசியாக, நீங்கள் ஊழியர்களிடம் நடத்தும் அந்த அநாமதேயக் கருத்துக்கணிப்பு. லிங்க் அலுவலக எண்ணுக்கு வருகிறது, முதல் பக்கத்தில் துறை, ஷிஃப்ட், வயது, எத்தனை வருட அனுபவம் என்று கேட்கிறது. ஆறு பேர் உள்ள இரவு ஷிஃப்ட்டில் இந்த நாலு பதில் போதும், பெயர் தேவையில்லை. அதனால்தான் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுகிறார்கள், நீங்களும் நம்பி ஸ்லைடு போடுகிறீர்கள். ஒரு குழுவில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்தக் குழுவின் முடிவைத் தனியாகக் காட்டாதீர்கள். வயதும் அனுபவமும் கேட்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் வாரத்திலேயே வேலைவாய்ப்புத் தளங்களில் ஐந்து ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வதையும் நிறுத்துங்கள். இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் ஒரே நாளில் வந்த 30 புகழுரைகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இந்த மடலுக்குப் பதில் சொல்வதாக இருந்தால் டீம் லீடர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்ப வேண்டாம். சாப்பாட்டுக்கூட நோட்டீஸ் போர்டில், தமிழில், டெபிட் விதி முழுவதையும் எழுதி ஒட்டுங்கள். கீழே ஒரு அதிகாரியின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிக்கப், கிடங்கு, க்யூசி, ரிப்பேர் ஊழியர்கள்